வாசகர் கேள்வி பதில்: தொற்று நேர்ந்த இடத்தை வெள்ளணுக்கள் அறிவது எப்படி?

சளிக்காய்ச்சல் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் இருந்தாலும், ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் கூடுதலாகப் பரவுவது வழக்கம். அந்தக் காலங்களில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் பற்றியவையாகவே இருக்கின்றன. இம்முறை ஒரே பொருளைச் சுற்றி அமைந்த கேள்விகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முதல் கேள்வி மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படை என்பதால் அதற்கான பதில் நீண்டிருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு நிமோனியா வந்தது. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மட்டும் வெண்ணிழல் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அதிகமாக இருப்பதாகச் சொன்னார்கள். ரத்தம் உடல் முழுவதும்தானே ஓடுகிறது? அந்த அணுக்கள் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்குத்தான் போக வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கின்றன? மகன் இப்போது நலமாக இருக்கிறான். ஆனாலும் இந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. (ஈசூன் வாசகி)

மகன் தேறியதை அறிந்து மகிழ்கிறேன். விடையின் மையத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்படும் நியூட்ரோஃபிலுக்குத் தான் சேர வேண்டிய இடம் எதுவென்று தெரியாது. ரத்த ஓட்டம் அதை மூளைக்கும் கல்லீரலுக்கும் கால்விரலுக்கும் வேறுபாடின்றிக் கொண்டுபோகிறது. தொற்று நேர்ந்த இடம்தான், தன் வழியே ஓடும் ரத்தத்திலிருந்து அந்த அணுவைப் பிடித்து நிறுத்துகிறது. அணு தானாக வழி தேடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பில் மேக்ரோபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்கள் நிலையாகக் குடியிருக்கின்றன. அவை இருந்த இடத்திலேயே இருப்பவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் உயிருள்ள எலியின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வு, அவை இடைத்துளைகள் வழியாக ஒரு நுண்ணறையிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்து சென்று உள்ளே விழுந்த பாக்டீரியாக்களை விழுங்குவதைக் காட்டியது. விழுந்தவை சிலவாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். நமக்கு ஒரு தும்மல்கூட வராது. கிருமிகள் பெருகி மேக்ரோபேஜால் சமாளிக்க முடியாமல் போகும்போது, அது டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகிறது. அவற்றைப் பெற்ற சுற்றுப்புற அணுக்கள் இன்டர்லூக்கின்-8 முதலான ஈர்ப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. இத்தகைய ஈர்ப்புப் புரதங்களுக்குப் பொதுவாகக் கெமோகைன் என்று பெயர். உங்கள் மகனின் வலது கீழ்ப்பகுதி மற்ற பகுதிகளிலிருந்து வேறுபட்டுப்போனது இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து மாறுவது ரத்தக்குழாயின் உட்சுவர். ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் யூலியஸ் கோன்ஹைம் 1867ல், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின்கீழ் விரித்து வைத்து இதை மணிக்கணக்கில் பார்த்து விவரித்தார். அழற்சி தொடங்கியதும் நுண்சிரைகளில் வெள்ளணுக்கள் நடு ஓட்டத்தை விட்டுச் சுவர் ஓரமாக ஒதுங்குகின்றன. சுவரோடு ஒட்டி நிற்கின்றன. பிறகு சுவரின் வெளிப்புறத்தில் ஒரு சிறு முனை துருத்துகிறது, அது மெல்லப் பெருக்கிறது, இறுதியில் முழு அணுவும் வெளியே வந்துவிடுகிறது. சீழ் என்பது ரத்தத்திலிருந்து வெளியேறிய வெள்ளணுக்கள்தான் என்பதை நேரில் கண்டு நிறுவியது அந்தப் பொறுமையான கவனிப்பு.

அவர் கண்டவற்றின் மூலக்கூறுகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெரியவந்தன. குழாய்ச்சுவர் அணுக்களுக்குள் சேமிப்பில் இருக்கும் பி-செலெக்டின் என்ற புரதம், செய்தி கிடைத்த சில நிமிடங்களிலேயே சுவரின் மேல்பரப்புக்கு வருகிறது. புதிதாகத் தயாரிக்கப்பட வேண்டிய ஈ-செலெக்டின் சில மணி நேரம் கழித்து வருகிறது. இவை நியூட்ரோஃபிலின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றுகின்றன. ஆனால் அந்தப் பிடி தளர்வானது. பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதால், ஓட்டத்தில் விரைந்துகொண்டிருந்த அணு வேகம் குறைந்து சுவரோரம் உருளத் தொடங்குகிறது. உருளும்போது, சுவரில் பதித்து வைக்கப்பட்டிருக்கும் கெமோகைன்கள் அதன்மேல் படுகின்றன. அவை ரத்தத்தில் கலந்து அடித்துச் செல்லப்படாமல், சுவரிலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைப் பொருளில் ஒட்டி நிற்கின்றன என்பது முக்கியம். இல்லாவிட்டால் தொற்று நேர்ந்த இடத்தின் அடையாளம் உடல் முழுவதும் பரவிப் பயனற்றுப்போகும். கெமோகைன் பட்டவுடன் நியூட்ரோஃபிலின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதங்கள் மடங்கிய நிலையிலிருந்து நொடிப்பொழுதில் நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐகேம்-1 என்ற புரதத்தை இறுகப் பற்றுகின்றன. அணு நின்றுவிடுகிறது. பிறகு தட்டையாகி, சுவர் அணுக்களின் இடுக்கில் நுழைந்து வெளியேறுகிறது.

செலெக்டின், கெமோகைன், இன்டெக்ரின் மூன்றும் ஒருசேரப் பொருந்தினால்தான் அணு நிற்கும். வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் புளோக்கைக் காட்டும் ஆறிலக்க அஞ்சல் குறியீடு மட்டும் இருந்தால் போதாது, மாடியும் வீட்டெண்ணும் சேர்ந்தால்தான் உரியவர் கையில் சேரும் என்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இனி ஒரு திருத்தம். பாடநூல்கள் விவரிக்கும் இந்த உருளல், மூச்சுக்குழாய்ச் சுவரின் நுண்சிரைகளுக்குப் பொருந்தும். காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்த நுண்குழாய்களுக்கு அப்படியே பொருந்தாது. நியூட்ரோஃபிலின் குறுக்களவு ஏறத்தாழ 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். நுரையீரல் நுண்குழாய்களில் பல அதைவிடக் குறுகலானவை. அங்கு உருள இடமே இல்லை. நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் ஒரு நியூட்ரோஃபில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நுண்குழாய்த் துண்டுகளைத் தன் உடலை நீட்டிச் சுருக்கிக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உடல்நலம் நன்றாக இருக்கும் வேளையிலும் நியூட்ரோஃபில்கள் அங்கு நெருக்கமாகத் தங்கிச் செல்கின்றன. தொற்று வந்தால், செய்திப் புரதங்கள் பட்ட அணுவின் உட்சட்டகம் விறைத்து, வளைந்து கொடுக்க முடியாமல் அது அங்கேயே சிக்கி நிற்கிறது. உடலின் மற்ற உறுப்புகளில் ஒட்டும் புரதங்கள் செய்யும் முதல் வேலையை நுரையீரலில் குழாயின் குறுகலே செய்துவிடுகிறது. இந்த வேறுபாடு எனக்கு வியப்பளிக்கும் ஒன்று. நுரையீரல் தொற்றுக்கு உடல் இவ்வளவு விரைவாக எதிர்வினையாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாயை விட்டு வெளியேறியபின் நியூட்ரோஃபில் உண்மையிலேயே வழி தேடுகிறது. தன் உடலின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே ஈர்ப்புப் பொருளின் அடர்த்தி ஓரிரு விழுக்காடு வேறுபட்டாலும் அதனால் உணர முடியும். அடர்த்தி கூடும் பக்கமாக நிமிடத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் ஊர்ந்து முன்னேறுகிறது. ஈர்ப்புப் பொருள்கள் பலவாக இருந்து, வெவ்வேறு திசைகளில் இழுத்தால் என்ன செய்யும்? அதற்கும் ஒரு முன்னுரிமை உண்டு. பாக்டீரியாக்கள் தம் புரதங்களை ஃபார்மைல் என்ற வேதிக்குறி கொண்ட அமினோ அமிலத்தில் தொடங்குகின்றன. அந்தக் குறியுள்ள துண்டுகள் கிடைத்தால், உடல் அணுக்கள் அனுப்பும் இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்புகளை நியூட்ரோஃபில் பின்னுக்குத் தள்ளிவிட்டு நேராகக் கிருமியை நோக்கித் திரும்புகிறது. அங்கு சேர்ந்தவை லூகோட்ரையீன் பி4 என்ற கொழுப்புப் பொருளை வெளியிட்டு, சுற்றிலுமுள்ள மற்ற நியூட்ரோஃபில்களையும் கூட்டிக்கொள்கின்றன.

நீங்கள் எக்ஸ்ரே படத்தில் கண்ட வெண்ணிழல், காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீரும் இப்படி வந்து சேர்ந்த அணுக்களும் நிறைந்திருந்ததன் தோற்றம். வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் மடிய, மேக்ரோபேஜ்கள் அவற்றை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. அது மெதுவாக நடக்கும். காய்ச்சல் விட்டபிறகும் படத்தில் நிழல் சில வாரங்கள் தங்கியிருப்பது அதனால்தான். அதைக் கண்டு நீங்கள் கலங்க வேண்டாம். ஆனால் மருத்துவர் மறுபடம் எடுக்கச் சொல்லியிருந்தால் தவறாமல் எடுத்துவிடுங்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மிக அரிதான ஒரு பிறவிக் குறைபாடு உணர்த்துகிறது. இன்டெக்ரினின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு பழுதான குழந்தைகளுக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருக்கும். ஆனால் அவை குழாயை விட்டு வெளியேற இயலாது. வழக்கமாக ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும் தொப்புள்கொடி மூன்று, நான்கு வாரங்கள் ஆகியும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புண் ஆறாது, அதில் சீழும் இருக்காது. எண்ணிக்கை நிறைய இருந்தும் சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டால் பயனில்லை என்பதை மருத்துவர்கள் கற்றது இந்தக் குழந்தைகளிடமிருந்துதான்.

கேள்வி: சளி பச்சை நிறமாக வந்தால் ஆண்டிபயாடிக் மருந்து கட்டாயம் தேவையா? (பிடோக் வாசகர்)

தேவையில்லை. பச்சை நிறம், சளியில் வந்து சேர்ந்த நியூட்ரோஃபில்களிலிருந்து வருகிறது. அவற்றிலுள்ள மையலோபெராக்சிடேஸ் என்ற இரும்புச்சத்து கொண்ட நொதி இயல்பிலேயே பச்சை நிறமுடையது. வைரஸ் தொற்றிலும் நியூட்ரோஃபில்கள் வரும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியாத் தொற்று என்று முடிவு செய்ய முடியாது. மூச்சுத்திணறல், மார்புவலி, விட்டு மீண்டும் ஏறும் காய்ச்சல், சளியில் ரத்தம் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆஸ்துமா முற்றியதால் என் தந்தைக்குச் சில நாள்கள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. தொற்றோ என்று பயந்தோம். மருந்தின் விளைவு என்றார் மருத்துவர். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து வெள்ளணுக்களைக் கூட்டுமா? (அங் மோ கியோ வாசகி)

மருத்துவர் சொன்னது சரி. ரத்தக்குழாய்களில் உள்ள நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழ பாதி, எந்த நேரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. குழாய்ச்சுவர்களை ஒட்டியும் நுண்குழாய்களில் தங்கியும் நிற்கின்றன. கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் அவை கணக்கில் வருவதில்லை. ஸ்டீராய்டு ஒட்டும் புரதங்களைக் குறைப்பதால், ஒதுங்கி நின்றவை ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளியேறுகின்றன. ஆக, எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் திசுவுக்குள் இறங்குபவை குறைகின்றன. மூச்சுக்குழாயின் வீக்கம் தணிவதும், அதே மருந்தை நீண்டகாலம் எடுப்பவர்களுக்குத் தொற்று எளிதில் வருவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

எப்போது இந்தத் தடை நன்மை தரும் என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் 2020ல் நடந்த ரெக்கவரி ஆய்வில், கொவிட்-19 முற்றி செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. உங்கள் தந்தை மாத்திரையை மருத்துவர் சொன்னபடி எடுக்கட்டும். அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்துத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: புகைமூட்டம் வரும்போது இந்த அணுக்களுக்கு என்ன ஆகிறது? (உட்லண்ட்ஸ் மாணவர்)

காற்றிலுள்ள நுண்துகள்களையும் மேக்ரோபேஜ்கள் விழுங்குகின்றன. விழுங்கியபின் செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அதாவது, கிருமியே இல்லாதபோதும் அழைப்பு புறப்பட்டுவிடுகிறது. இதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் புகைமூட்டத்தின்போது இங்குள்ள இளைஞர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2000ல் வெளியிடப்பட்ட ஆய்வு, எலும்பு மஜ்ஜையிலிருந்து இன்னும் முழுதாக முதிர்ந்திராத நியூட்ரோஃபில்கள் அந்த நாள்களில் கூடுதலாக வெளிவந்ததையும், காற்று தெளிந்தபின் அது குறைந்ததையும் காட்டியது. அவர்கள் நோயாளிகள் அல்லர், நல்ல உடல்நலம் உள்ளவர்கள். நுரையீரலில் படியும் தூசிக்கு எலும்பின் உள்ளிருந்து பதில் வருகிறது என்பதை நீங்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி: தடுப்பூசி போடுவது கையில். நோய் வருவது நுரையீரலில். கையில் பயிற்சி பெற்ற அணு நுரையீரலுக்கு எப்படிப் போகிறது? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

தடுப்பூசி போட்ட தசையில் இருந்து, அந்நியக் கூறுகளை மற்ற எதிர்ப்பணுக்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் அணுக்கள் மருந்தின் கூறுகளை எடுத்துக்கொண்டு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குச் செல்கின்றன. புறப்படும்போது அவை சிசிஆர்7 என்ற ஏற்பியைப் பெறுகின்றன. நிணநீர்க் கணுவிலிருந்து வரும் கெமோகைனை அந்த ஏற்பி உணர்வதால் வழி தவறுவதில்லை. கொவிட் தடுப்பூசிக்குப் பிறகு சிலருக்கு அக்குளில் கட்டி போல வீங்கியதற்குக் காரணம் இந்தக் கணுக்களில் நடந்த வேலைதான்.

வெள்ளணுக்களில் இன்னொரு வகையான டி அணுக்கள் ரத்தத்துக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இடையே ஓயாமல் சுற்றி வருபவை. கணுவுக்குள் வரும் லட்சக்கணக்கானவற்றில், கொண்டுவரப்பட்ட கூறுக்குப் பொருந்தும் மிகச் சில மட்டும் அங்கே தங்கிப் பெருகுகின்றன. பெருகி முடியும்வரை வெளியேறும் வழியை உணரும் ஏற்பி அவற்றிடம் அடங்கியிருக்கும்; சில நாள்களில் அது மீண்டும் தோன்ற, அவை ரத்தத்துக்குத் திரும்புகின்றன. இப்போது அவற்றின் மேற்பரப்பு மாறியிருக்கிறது. கணுவுக்குள் நுழைய உதவிய புரதங்கள் குறைந்து, சிஎக்ஸ்சிஆர்3 போன்ற வேறு ஏற்பிகள் வந்திருக்கின்றன. சளிக்காய்ச்சல் வைரஸ் தொற்றிய நுரையீரலில் இன்டர்ஃபெரான் என்ற செய்திப் புரதம் சுரக்க, அதன் தூண்டுதலால் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்னும் கெமோகைன்கள் உருவாகின்றன. அந்த ஏற்பி உடைய டி அணுக்கள் அங்கு இறங்குகின்றன. கையில் பயிற்சி பெற்ற அணுவும் நுரையீரலுக்குச் செல்வது இப்படித்தான். ஆனால் நுரையீரல் அழைத்த பிறகுதான் செல்லும். அந்த இடைவெளி ஒன்றிரண்டு நாள்களாவது ஆகும்.

தடுப்பூசி போட்டவருக்கும் சளிக்காய்ச்சல் வரலாம், ஆனால் கடுமையாவது குறையும் என்று சொல்வதன் பொருள் இங்கே விளங்கும். தடுப்பூசியால் உருவாகும் ஐஜிஜி எதிர்ப்பொருள்கள் ரத்தத்திலிருந்து காற்று நுண்ணறைகளுக்குக் கசிந்து செல்லும். மூக்கின் ஈரப்பரப்பில் முதன்மையாகச் செயல்படும் ஐஜிஏ என்ற மற்றொரு வகை எதிர்ப்பொருள், பெரும்பாலும் அந்தப் பரப்பிலேயே குடியிருக்கும் அணுக்களால் சுரக்கப்படுகிறது. கையில் போட்ட ஊசி நுரையீரலின் ஆழத்தை மூக்கைவிட நன்றாகக் காப்பதற்கு இது ஒரு காரணம்.

மேலும், தொற்று நேர்ந்த இடத்துக்கு வந்த டி அணுக்களில் ஒரு பகுதி ரத்தத்துக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. இவற்றுக்கு வழி தேட வேண்டிய தேவையே இல்லை. சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசி போட்டவர்களின் மூக்குச் சவ்வை ஆராய்ந்தது. கொரோனா கிருமியை அடையாளம் காணும் இத்தகைய குடியிருப்பு டி அணுக்கள், தடுப்பூசிக்குப் பிறகு தொற்றும் கண்டவர்களிடமே ஏறக்குறைய முழுவதும் காணப்பட்டன. குறைந்தது 140 நாள்கள் அவை நீடித்தன. அதே கல்லூரியைச் சேர்ந்த குழுவினர் 2020ல், 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அக்கிருமியை நினைவில் வைத்திருந்த டி அணுக்களைக் கண்டறிந்தனர். அந்த அணுக்கள் ரத்தத்தில் காணப்பட்டவை. நினைவு நீண்டிருப்பது ஒன்று, அது வாயிலிலேயே காத்திருப்பது இன்னொன்று. மூக்கின் வழியே கொடுக்கும் தடுப்பு மருந்துகளில் ஆய்வாளர்கள் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான். சளிக்காய்ச்சலுக்கு அத்தகைய மருந்து ஒன்று அமெரிக்காவில் 2003லேயே அனுமதி பெற்றது. ஆயினும் தங்கியிருக்கும் அணுக்களுக்காக வேண்டுமென்றே நோயை வரவழைத்துக்கொள்ள யாரும் எண்ணக் கூடாது. தொற்று நுரையீரலுக்குச் செய்யும் சேதத்துக்கு அது ஈடாகாது.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். ஆனாலும் முதியவர்களுக்கு நிமோனியா ஆபத்து என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? (சிராங்கூன் வாசகி)

முதுமையில் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களின் நியூட்ரோஃபில்கள் இளையோருடையவற்றைப் போலவே வேகமாக நகர்ந்தன. ஆனால் ஈர்ப்புப் பொருள் இருந்த திசையை நோக்கி நேராகச் செல்லவில்லை. திசுவுக்குள் அலைந்து செல்லும் அணு, திசுவை அரிக்கும் நொதிகளை வழியெல்லாம் வெளியிடுகிறது. கிருமியைச் சென்றடையத் தாமதமாகிறது. நுரையீரலுக்கும் கூடுதல் சேதம் ஏற்படுகிறது. பிஐ3-கைனேஸ் என்ற நொதியைத் தடுத்தபோது ஆய்வுக்கூடத்தில் அந்த அணுக்கள் திசையை மீண்டும் பெற்றன. கடையில் விற்கும் எந்த மாத்திரையும் இதைச் செய்வதாக நிறுவப்படவில்லை. ஆகவே அந்தப் பணத்தை அம்மாவுக்கு நல்ல உணவில் செலவிடுங்கள் என்பதே என் கருத்து.

சிங்கப்பூரில் 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நியூமோகோக்கல் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. அம்மாவுக்கு இரண்டும் போடப்பட்டுள்ளனவா என்று பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள். முதியவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் தெரியாமலேயே போகலாம். திடீரென உணவைத் தள்ளுவது, பேச்சில் குழப்பம், வழக்கத்துக்கு மாறான அசதி, மூச்சு வேகமாவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.